பத்தாவது தடவையும் சிரிக்க முடியுமா? கறுப்பு நகைச்சுவையில் மூன்று தனி ஆல்பங்கள்

சாவை வைத்துக் கிண்டலடிக்கும் பாட்டு நமக்கொன்றும் புதிதல்ல. பத்து மாதம் குயவனை வேண்டி வாங்கி வந்த தோண்டியை ஆண்டி கூத்தாடிப் போட்டுடைத்ததைச் சித்தர் அன்றைக்கே பாடிவிட்டார். ஆங்கிலப் பாப்பில் அந்தத் திமிரோடு எழுதிய மூவரை இங்கே எதிரெதிரே நிறுத்துகிறேன்: ‘செயில் அவே’ (1972) தந்த ராண்டி நியூமன், ‘எக்ஸைட்டபிள் பாய்’ (1978) தந்த வாரன் ஸீவான், ‘ஐ ஆஃப்டன் ட்ரீம் ஆஃப் டிரெயின்ஸ்’ (1984) தந்த ராபின் ஹிட்ச்காக். முதல் தடவை சிரிக்க வைப்பது பெரிய காரியமில்லை. விஷயம் தெரிந்தபின், பத்தாவது தடவை கேட்கும்போது என்ன மிஞ்சுகிறது என்று பார்க்கவேண்டும்.

ஸீவானைச் சீக்கிரம் முடித்துவிடலாம். மூவரில் இவர்தான் சட்டென்று பிடிபடுவார். லண்டன் ஓநாய் மனிதர்கள் பற்றிய அவருடைய புகழ்பெற்ற பாட்டில், மழையில் சீன உணவுப் பட்டியலைக் கையில் பிடித்தபடி ஓநாய் ஒன்று சோஹோ தெருக்களில் நூடல்ஸ் தேடி அலைகிறது. நம் சிங்கப்பூராக இருந்தால் அடுக்குமாடிக் கீழ்த்தளக் காப்பிக்கடையிலேயே வேலை முடிந்திருக்கும். அந்தப் பாட்டில் டிரம்ஸும் பேஸும் வாசித்தது ஃபிளீட்வுட் மேக் குழுவின் மிக் ஃபிளீட்வுட்டும் ஜான் மெக்வியும்; கால் தானாகத் தாளம் போடும். தலைப்புப் பாட்டு இன்னும் கொடூரம். ஒரு பையன் செய்யாத அட்டூழியம் இல்லை, கொலைவரை போகிறான். ஊரோ ‘பையன் கொஞ்சம் துறுதுறு, அவ்வளவுதான்’ என்று குழுவாகச் சேர்ந்து இனிமையாகப் பாடுகிறது. முதல் தடவை தூக்கிவாரிப் போடும். ஐந்தாவது தடவைக்குள் கதை தெரிந்துபோய், தாளம் மட்டும் நிற்கும்.

நியூமன் வேறு ரகம். ‘டாய் ஸ்டோரி’ படத்துக்குப் பாட்டெழுதிய அதே மனிதர் என்று சொன்னால் நம்பக் கஷ்டமாக இருக்கும். ‘செயில் அவே’ ஆல்பத்தின் தலைப்புப் பாட்டைப் பாடுபவன் ஓர் அடிமை வியாபாரி. ஆப்பிரிக்கர்களைப் பார்த்து, அமெரிக்காவுக்கு வாருங்கள், வயிறாரச் சாப்பாடு, காட்டில் ஓடிக் கால் புண்ணாக வேண்டாம், கடல் தாண்டினால் சார்ல்ஸ்டன் துறைமுகம் என்று ஆசை காட்டுகிறான். பின்னால் வயலின்கள் தேசியகீதம் போலப் பொங்குகின்றன. அடிமை என்ற சொல் ஓரிடத்திலும் வராது. எழுதியவன் எங்கேயும் தலையை நீட்டி ‘பார், எவ்வளவு அநியாயம்’ என்று சொல்வதும் இல்லை.

இதை சிங்கப்பூர், மலேசியத் தமிழர் கேட்பதும் மற்றவர் கேட்பதும் ஒன்றாகாது. 1938-ல் இந்திய அரசு தடை போடும்வரை, கங்காணிகள், அதாவது தோட்டத்துக்கு ஆள் பிடிக்கும் மேஸ்திரிகள், சொந்த ஊருக்கே போய் மலாயாவைப் பற்றி இப்படித்தானே இனிக்க இனிக்கப் பேசி ஆள் சேர்த்தார்கள்? அடிமை வியாபாரமும் கங்காணி முறையும் ஒன்றில்லை, சரி. பேச்சின் தேன் மட்டும் ஒரே தேன். அதனால் சிரிப்பு பாதியில் தொண்டையில் சிக்கும். பத்தாவது தடவையும் சிக்கும்.

அதே ஆல்பத்தில் கடவுள் தன்னை ஏன் மனிதர் இப்படிக் கும்பிடுகிறார்கள் என்று சிரிக்கும் பாட்டு இருக்கிறது. உலகம் முழுக்கக் குண்டு போடலாம், கங்காரு பாவம், ஆஸ்திரேலியாவை மட்டும் விட்டுவிடலாம் என்று ஓர் அமெரிக்கன் யோசனை சொல்லும் பாட்டும் உண்டு. பன்னிரண்டு பாட்டு, அரை மணி நேரம். எழுத்தில் இவரை மற்ற இருவரும் நெருங்க முடியாது என்றே சொல்வேன்.

அப்படியிருந்தும் நான் அடிக்கடி திரும்பிப் போவது ஹிட்ச்காக்கிடம்தான். 1982-ல் வந்த ஆல்பம் அவருக்கே பிடிக்காமல் போக, கொஞ்ச காலம் இசையை விட்டே ஒதுங்கியிருந்தார். திரும்பி வந்து பெரும்பாலும் கிட்டார், பியானோ, தன் குரல் இவற்றையே வைத்துக்கொண்டு செய்தது இந்த 1984 ஆல்பம். ஒரு பாட்டில் வாத்தியமே இல்லை; குரல்களையே அடுக்கடுக்காகப் பதிந்து, குழந்தையிடம் அழகாகத் தெரியும் குணம் வளர்ந்தவனிடம் எப்படி அசிங்கமாகிறது என்று மனநல மருத்துவர் அறிக்கை படிப்பதுபோல் பாடுகிறார். இரண்டு நிமிடம்கூட வராது. விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, பிறகு உங்கள் சித்தப்பா ஒருவர் நினைவுக்கு வருவார்.

லண்டனின் பழைய டிராம்களைப் பற்றி ஏக்கமாக ஒரு பாட்டு. அந்த டிராம்கள் நின்றது 1952-ல், ஹிட்ச்காக் பிறந்தது 1953-ல். பார்க்காத வண்டிக்கு இவ்வளவு உருக்கம்! சிங்கப்பூர் டிராம் 1927-லேயே போய்விட்டது, அதற்கு அழ இங்கே ஆளில்லை. தஞ்சோங் பகார் ரயில் நிலையத்துக்கு அழ ஆள் இருந்தது: 2011 ஜூன் 30 இரவு கடைசி ரயிலை ஜொகூர் சுல்தானே ஓட்டிப் போனார். ஹிட்ச்காக் கற்பனையில் எழுதியிருந்தால் மிகை என்றிருப்போம்.

செத்தபின் எல்லாம் நன்றாகத்தான் கேட்கும் என்கிற தலைப்பில் இன்னொரு பாட்டு. பிடாடரி இடுகாட்டைத் தோண்டி அங்கே வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு கட்டிய ஊர் இது. வீட்டுக்கு 99 ஆண்டுக் குத்தகை, சுவா சூ காங் இடுகாட்டில் புதைத்தவருக்கு 15 ஆண்டு. ஹிட்ச்காக்குக்கு சாவு பக்கத்து வீட்டுக்காரர். பயமும் இல்லை, மரியாதையும் இல்லை. அவிழ்த்துக் காட்ட முடிச்சு எதையும் அவர் போடவில்லை என்பதால் கேட்கக் கேட்கப் பழசாவதில்லை. குறை உண்டு. சில வரிகளில் விசித்திரம் விசித்திரத்துக்காகவே வருகிறது. அவற்றில் வரும் மீனும் பூச்சியும் போதுமப்பா என்று தோன்றும்.

எம்ஆர்டி ரயிலில் ஹிட்ச்காக் வேண்டாம், கதவு மூடும் சத்தத்திலேயே பாதி போய்விடும். இரவு பதினொன்றுக்கு மேல் வீட்டில் கேளுங்கள். நியூமன் வார்த்தைகளை மென்று பாடுவார், முதல் முறை வரிகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஸீவான் ஆள்கூடும் வீட்டுக்கு. ஒன்றுதான் வாங்கமுடியும் என்றால் ஹிட்ச்காக். மறுபதிப்புகளில் கூடுதல் பாட்டுகளைச் சேர்த்திருக்கிறார்கள். 1984 பதிப்பு பியானோவில் தொடங்கிப் பியானோவில் முடியும்; அந்த வரிசையில் ஒருமுறை கேட்டுவிட்டு மற்றதற்குப் போங்கள்.