உணவுப் பாதுகாப்புப் பயிற்சி: என் அனுபவம்

சிங்கப்பூரில், பாய லேபாரில் உள்ள ஒரு பயிற்சி நிலையத்தில் உணவுப் பாதுகாப்பு முதல் நிலை வகுப்புக்குப் போனேன். நல்ல வகுப்பு. பயிற்றுநர் சாம்பார் வாளியில் வெப்பமானியை விட்டுக் காட்டினார்: 48 டிகிரி. 5-க்கும் 60-க்கும் இடையில்தான் கிருமி வேகமாகப் பெருகுமாம். தொட்டுப் பார்த்தே சூடு போதும் என்று நினைத்திருந்த எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

மறுநாள் நான் வேலை பார்த்த சாப்பாட்டுக் கடைக்குப் போனால் அங்கே வெப்பமானியே இல்லை. கேட்டேன். "கூட்ட நேரத்துல இதெல்லாம் எதுக்குண்ணே?" என்றார் மேற்பார்வையாளர். இரண்டே வாரத்தில் நானும் பழையபடி விரலை வைத்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். இன்றைக்கும் அது மனதை உறுத்துகிறது.

இப்போது சிராங்கூன் சாலையில் வேறு கடை. இங்கே தலைமைச் சமையல்கார அக்கா அடுப்புக்குப் பக்கத்திலேயே கயிற்றில் வெப்பமானியைத் தொங்கவிட்டிருக்கிறார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அளந்து, சுவரில் ஒட்டிய தாளில் எழுத வேண்டும். மறந்தால், "தம்பி, பன்னிரண்டு மணிக் கட்டம் காலியா இருக்கே" என்பார். படித்தது இப்போதுதான் கைக்கு வந்திருக்கிறது.

வகுப்புக்குத் தாராளமாகப் போங்கள். முடிந்தால் உங்கள் மேற்பார்வையாளரையும் கையோடு கூட்டிப் போங்கள்.