சுவரில் மூன்று உலகம்

கப்பலில் நேவிகேஷன் அதிகாரியாக 22 வருஷம் வேலை பார்த்தவன் நான். அத்தனை வருஷமும் மேஜையில் விரிந்து கிடந்தது மெர்க்கேட்டர் சார்ட்தான், அதாவது மெர்க்கேட்டர் முறையில் வரைந்த கடல் வரைபடம். உருண்டையான பூமியைத் தட்டைத் தாளில் வரைய 1569-ல் வந்த முறை. திசை மாறாமல் ஓடும் பாதை அதில் நேர்கோடாக விழும். ரூலரை வைத்துக் கோடு இழுத்தால் அதுதான் கோர்ஸ், கப்பல் போக வேண்டிய திசை. அந்த வேலைக்கு அதைவிடக் கைக்கு அடக்கமான ஒன்றை நான் பார்த்ததில்லை. ஆனால் தூரம் அளக்க டிவைடரை எடுத்தால், சார்ட்டின் பக்கவாட்டில் இருக்கும் அட்சரேகை அளவில்தான் வைப்போம், அதுவும் கப்பல் இருக்கும் அட்சத்துக்கு நேராக. துருவத்தை நெருங்க நெருங்க அதே ஒரு கடல் மைல் தாளில் நீண்டுகொண்டே போகும் என்பது எங்களுக்குத் தெரியும். அதே படத்தைச் சுவரில் மாட்டி இதுதான் உலகம் என்று பிள்ளைகளுக்குக் காட்டுவது எனக்கு வெகுநாள் உறுத்தல். அதனால்தான் மூன்று மாற்று வரைபடங்கள் கொண்ட இந்தத் தொகுப்பை வாங்கினேன். மூன்று மாதமாக வீட்டில் இருக்கிறது.

முதல் படத்தில் தெற்கு மேலே. ஆஸ்திரேலியரான ஸ்டூவர்ட் மெக்கார்த்தர் 1979-ல் இப்படி ஒன்றை வெளியிட்டது பலருக்குத் தெரிந்திருக்கும். 1154-லேயே அரபுப் புவியியலாளர் அல் இத்ரீசி தெற்கை மேலே வைத்துத்தான் வரைந்தார். இடைக்கால ஐரோப்பியப் படங்கள் பலவற்றில் கிழக்கு உச்சியில். நம் சொற்களையே பாருங்கள், மேல் என்பதிலிருந்து மேற்கு, கீழ் என்பதிலிருந்து கிழக்கு. தமிழை நம்பிப் படம் போட்டிருந்தால் மேற்குதான் தலைமாட்டில் இருந்திருக்கும்.

இந்தப் படத்தை ஈக்வல் எர்த் முறையில் அச்சிட்டிருக்கிறார்கள். 2018-ல் வந்த முறை, நிலங்களின் பரப்பளவு ஒன்றுக்கொன்று உள்ள விகிதம் மாறாது. மெர்க்கேட்டரில் ஆப்பிரிக்காவுக்குச் சமமாகத் தெரியும் கிரீன்லாந்து, இதில் அதன் 14-ல் ஒரு பங்காக, உள்ளபடியே இருக்கிறது. ஊர்ப் பெயர்கள் எல்லாம் நிமிர்ந்தே இருப்பதால் வாசிக்கச் சிரமமில்லை. நிலத்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு வட அரைக்கோளத்தில்தான் என்பதைப் படித்திருக்கிறேன். மேல்பாதி முழுக்க நீலமாக விரிந்து, நிலமெல்லாம் கீழே வண்டல் மாதிரி படிந்து கிடப்பதைப் பார்த்த பிறகுதான் அது மனசில் ஏறியது.

இரண்டாவதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த படம். ஆதெல்ஸ்டன் ஸ்பில்ஹாஸ் என்ற கடலியலாளர் பெயரில் உள்ள முறை. உருண்டையைத் தட்டையாக்க எங்கேயாவது வெட்டியாக வேண்டும். வழக்கமான படங்கள் பெரும்பாலும் பசிபிக்கையோ அட்லாண்டிக்கையோ வெட்டும். இதில் வெட்டு நிலத்தின் வழியாகப் போகிறது. ஆசியாவும் அமெரிக்கக் கண்டங்களும் கிழிபட்டு ஓரத்தில் ஒதுங்க, கடல் முழுசாக நடுவில் நிற்கிறது. பெரிங் நீரிணையில் மட்டும் வெட்டு தண்ணீரில் விழுகிறது. அந்த இடத்தைச் சின்ன முக்கோணக் குறியால் காட்டியிருக்கிறார்கள்.

நன்னம்பிக்கை முனையைச் சுற்றும்போது தென்மேற்கிலிருந்து நெடிய அலை வரும். கப்பலை மெதுவாகத் தூக்கி, மெதுவாக இறக்கும். எங்கோ தொலைவில் அடித்த காற்றின் அலை அது. அண்டார்க்டிகாவைச் சுற்றிக் காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் குறுக்கே நிலம் கிடையாது. வழக்கமான படத்தில் அந்தக் கடல் அடியில் ஒட்டிய பட்டையாகத்தான் தெரியும். இங்கே அண்டார்க்டிகா தீவு போல நிற்க, மூன்று பெருங்கடல்களும் அதைச் சுற்றி ஒன்றாகக் கலக்கின்றன. அந்த அலை எங்கிருந்து கிளம்பி வந்தது என்பதை ஒரே பார்வையில் பார்க்க முடிந்தது. சுவர் முன்னால் ரொம்ப நேரம் நின்றிருந்தேன். என் மகள் அட்லாண்டிக்கில் விரலை வைத்து, எடுக்காமலே பசிபிக் வரைக்கும் இழுத்துப் போனாள். "கடல் எங்கயும் முடியவே இல்லையேப்பா" என்றாள்.

குறை உண்டு. ஆழம் குறைந்த கடல் பகுதிக்குப் போட்ட வெளிர்நீலமும் நிலத்தின் நிறமும் இரண்டு அடி தள்ளி நின்றாலே கலந்துவிடுகின்றன. இன்னொரு அச்சு போட்டால் அதைச் சரி செய்ய வேண்டும்.

மூன்றாவது, அமெரிக்க வடிவமைப்பாளர் பக்மின்ஸ்டர் ஃபுல்லரின் மடிப்புப் படம், 20 முக்கோணங்கள் கொண்டது. விரித்தால் கண்டங்கள் உடையாமல், கிட்டத்தட்ட ஒரே நிலத்தொடராக வரும், மடித்தால் உருண்டை. யோசனை அருமை, தயாரிப்பு சுமார். ஒட்டும் விளிம்பு விரல்நகம் அளவுகூட இல்லை, தாளோ தடிப்பு. இரண்டு முறை ஒட்டினேன், இரண்டு முறையும் மடிப்பில் பிரிந்துவிட்டது. இப்போது விரித்தபடியே மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன், அப்படியும் நன்றாகத்தான் இருக்கிறது.

படங்களைச் சுருட்டி வைத்து முதலில் வந்த குழாய் நசுங்கி, தெற்குப் படத்தில் மடிப்பு விழுந்திருந்தது. எழுதிக் கேட்டதும் மாற்றிக் கொடுத்தார்கள். தனித்தனியாகக் கிடைத்தால் கடல் படத்தை மட்டுமாவது வாங்குங்கள். பெரிய அளவே எடுங்கள், சிறியதில் அந்த பெரிங் முக்கோணம் கண்ணுக்கே தெரியாது. லாமினேஷன் வேண்டாம், விளக்கு வெளிச்சம் பட்டால் பாதிக் கடல் பளபளவென்று மறைந்துவிடும்.