ஆய்வுக்கு எண் தேடுபவர்களுக்கு: கொழும்பிலிருந்து ஒரு நீண்டநாள் பயனாளரின் அனுபவம்

கொழும்பில் ஆய்வு உதவியாளராக வேலை பார்க்கிறேன். ஒரு திட்டம் முடிந்தால் இன்னொன்று. வறுமை, விலைவாசி, சுகாதாரம், இடம்பெயர்வு என்று தலைப்பு மாறிக்கொண்டிருக்கும். புள்ளிவிபரம் தேடும் வேலை மட்டும் மாறாது. முதுமாணி செய்யும் தம்பி தங்கைகள் அடிக்கடி கேட்பது, "அண்ணா, எந்த வெப்சைட்டில எடுத்தா நம்பலாம்?" என்பதுதான். பல வருடம் இந்த மூலங்களோடு புழங்கியதில் எனக்கு ஒன்று உறுதியாகிவிட்டது. ஒரு நிறுவனத்தை மொத்தமாக நம்புவதோ மொத்தமாகச் சந்தேகிப்பதோ உதவாது. அட்டவணைக்கு அட்டவணை பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். எண்ணுக்கு முன்னால் அடிக்குறிப்பை வாசிக்க வேண்டும்.

நான் அதிகம் பயன்படுத்துவது தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் வெளியீடுகளை. பத்தரமுல்லையில், பொல்துவ வீதியில் இருக்கிறது அலுவலகம். இலங்கையின் முதலாவது முறையான குடிசன மதிப்பு 1871இல் நடந்தது. கடைசியாக நடந்தது 2024இல். ஒன்றரை நூற்றாண்டு நீளமுள்ள வரிசை இது. நாட்டைப் பற்றி எழுத இதைவிட உறுதியான அடித்தளம் வேறில்லை என்பது என் எண்ணம். ஆனால் இந்த வரிசையில் எல்லைகள் மாறியிருக்கின்றன, இடைவெளிகள் விழுந்திருக்கின்றன. அவை தெரியாமல் எடுத்தால் சரியான எண்ணே தப்பான கதை சொல்லும்.

யாழ்ப்பாண மாவட்டத்தை எடுங்கள். 1981 குடிசன மதிப்பில் அதன் சனத்தொகை 830,552. 2012இல் சுமார் 583,000. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் பேரைக் காணவில்லை. இப்படியே எழுதப்பட்ட கட்டுரைகளைக் கண்டிருக்கிறேன். ஆனால் கிளிநொச்சி தனி மாவட்டமானது 1984இல். 1981இல் அந்த மக்களும் யாழ்ப்பாணத்துக்குள்தான் எண்ணப்பட்டார்கள். திணைக்களத்தின் பிந்திய அட்டவணைகள் இதைப் பிரித்துத் தருகின்றன: 1981இல் யாழ்ப்பாணம் 738,788, கிளிநொச்சி 91,764. கூட்டிப் பார்த்தால் பழைய எண் அப்படியே வரும். ஆக, இன்றைய எல்லைக்குள் குறைந்தவர்கள் ஒன்றரை இலட்சத்துக்குச் சற்று அதிகம். போரையும் இடம்பெயர்வையும் புலம்பெயர்வையும் சொல்ல அந்த எண்ணே போதும். அதைப் பெருப்பித்தால், நம் மக்களின் இழப்பைப் பற்றிச் சொல்லும் மற்ற எண்களையும் யாராவது சந்தேகிக்க நாமே வழி திறந்துவிட்டவர்களாவோம். எனக்கு இது மிகவும் முக்கியம்.

அடுத்தது எண்ணப்படாத வருடங்கள். 1991இல் குடிசன மதிப்பு நடக்கவே இல்லை. 2001இல் 18 மாவட்டங்களில்தான் முழுமையாக நடந்தது. வட மாகாணத்தின் ஐந்து மாவட்டங்களும் மட்டக்களப்பும் திருகோணமலையும் முழுமையாக வரவில்லை. 1981க்குப் பிறகு நாடு முழுவதும் முதல்முறையாக எண்ணப்பட்டது 2012இல். மாதிரி ஆய்வுகளிலும் இதே நிலைதான். 2006/07 குடித்தொகை சுகாதார ஆய்வில் வட மாகாணம் இல்லை. 2009/10 வீட்டலகு வருமான செலவின ஆய்வில் மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு மூன்றும் இல்லை. அந்த ஆய்வுக்குள் 25 மாவட்டங்களும் ஒன்றாக வந்தது 2012/13இல்.

திணைக்களத்தின் மூல அறிக்கையில் இதெல்லாம் முன்பக்கத்திலேயே தெளிவாக எழுதியிருக்கும். சிக்கல் அங்கே இல்லை. அந்த அறிக்கையிலிருந்து ஓர் எண்ணை ஒருவர் எடுப்பார், அவரிடமிருந்து இன்னொருவர் எடுப்பார். மூன்றாவது கைக்குப் போகும்போது 'இலங்கை' என்ற தலைப்பு மட்டும் மிஞ்சும், விடுபட்ட மாவட்டங்களின் பெயர் உதிர்ந்துவிடும். அதனால்தான் மற்றவர்களின் கட்டுரையில் எண்ணைக் கண்டால் அதைக் குறித்துக்கொண்டு மூல அறிக்கைக்குப் போய்விடுவேன். கூடுதலாக அரை மணித்தியாலம் போகும். போகட்டும்.

கொழும்பில் இருப்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது நகரம், கிராமம், தோட்டம் என்ற பிரிப்பு. நம் புள்ளிவிபரத்தில் மாநகர சபைக்கும் நகர சபைக்கும் உட்பட்ட இடம்தான் நகரம். பிரதேச சபைக்குள் வந்தால், தோட்டம் தவிர மற்றதெல்லாம் கிராமம். முன்பு சிறு நகரங்களுக்குப் பட்டின சபைகள் இருந்தன, அவையும் நகரக் கணக்கில் சேர்ந்தன. பின்னர் அவை இல்லாமல் போயின, 1987இல் பிரதேச சபை முறை வந்தபோது அந்த இடங்கள் கிராமத்துக்குள் விழுந்தன. விளைவைப் பாருங்கள்: 1981இல் நகர மக்கள் 21.5 சதவீதம், 2012இல் 18.2 சதவீதம். இடைப்பட்ட முப்பது வருடத்தில் கொழும்பைச் சுற்றி என்ன நடந்தது என்று நமக்குத் தெரியும். களனி ஆற்றுக்கு அந்தப் பக்கம், கண்டி வீதி நெடுக கடையும் வீடும் நெருக்கியடிக்கும் களனி, பிரதேச சபை என்பதால் கிராமம். ஹோமாகமவும் அப்படித்தான். எனவே நகர, கிராம ஒப்பீடு செய்ய வருபவர்களுக்கு நான் சொல்வது, முடிந்தால் பிரதேச செயலாளர் பிரிவு மட்டத்துக்கு இறங்கி, சன அடர்த்தியை வைத்து நீங்களே பிரித்துக்கொள்ளுங்கள்; எப்படிப் பிரித்தீர்கள் என்பதை ஆய்வேட்டில் எழுதிவிடுங்கள். வேலை கூடும்தான், ஆனால் கேள்வி கேட்கும் பரிசோதகருக்குப் பதில் கையில் இருக்கும்.

தோட்டம் என்ற பிரிவும் கவனிக்க வேண்டியது. 20 ஏக்கருக்குக் குறையாத, 10 தொழிலாளராவது வதியும் பெருந்தோட்டங்களைத்தான் அது குறிக்கிறது. மலையகத் தமிழர் எல்லாரையும் குறிக்கவில்லை. தோட்டத்தை விட்டு அருகிலுள்ள ஊரில் குடியேறியவர்களும் கொழும்பில் கடையிலும் வீட்டிலும் வேலை செய்பவர்களும் வேறு கட்டத்துக்குள் இருக்கிறார்கள். தோட்டத்துறை எண்ணை எடுத்து 'மலையக மக்களின் நிலை' என்று தலைப்பிடுவதை நாம் நிறுத்த வேண்டும். இனவாரியான எண்ணும் நேர்கோட்டில் வாசிக்க முடியாதது. 1971இல் 11 இலட்சத்து 74 ஆயிரமாக இருந்த 'இந்தியத் தமிழர்' 1981இல் 8 இலட்சத்து 18 ஆயிரம். நடுவில் 1964 சிறிமா-சாஸ்திரி உடன்படிக்கையின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்கள் இருக்கிறார்கள், தம்மை இலங்கைத் தமிழர் என்று பதிந்தவர்களும் இருக்கிறார்கள்.

சரி, வறுமைக்கு வருவோம். மாணவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். 2016இல் வறுமை 4.1 சதவீதம், 2019இல் 14.3 சதவீதம். இரண்டும் உத்தியோகபூர்வ எண்கள், இரண்டும் ஒரே ஆய்வு வரிசையிலிருந்து வந்தவை. மூன்று வருடத்தில் வறுமை மூன்று மடங்குக்கு மேல் கூடியதா? அப்படிச் சொல்ல இந்த இரண்டு எண்ணும் உதவாது. 2016இன் கணக்கு 2002ஐ அடிப்படையாகக் கொண்ட பழைய வறுமைக் கோட்டில் போட்டது: ஒருவருக்கு மாதம் 4,166 ரூபா. 2019இன் கணக்கு 2012/13ஐ அடிப்படையாகக் கொண்ட புதிய கோட்டில் போட்டது: மாதம் 6,966 ரூபா. மக்களின் நுகர்வு மாறியதால் கோட்டைப் புதுப்பித்தார்கள், அது செய்ய வேண்டியதே. ஆனால் கோடு மாறிய இடத்தில் கீறல் போடாமல் வரைபு வரைந்தால் அது வாசகரை ஏமாற்றும். இதற்கு மேல் உலக வங்கி 2023க்கு 25.9 சதவீதம் என்றது. அது நாளொன்றுக்கு 3.65 டொலர் என்ற சர்வதேசக் கோட்டில் செய்த மதிப்பீடு, வீடு வீடாகப் போய் எடுத்த எண் இல்லை. நெருக்கடியின் தாக்கத்தை உணர அது உதவும். ஆனால் மூன்று எண்ணையும் ஒரே வரிசையில் நிறுத்தவே கூடாது.

விலைவாசிக்கு மத்திய வங்கியின் பக்கத்தை நாளாந்தம் திறக்கிறேன். அதன் தினசரி விலை அறிக்கையில் புறக்கோட்டை, தம்புள்ளை, நாரஹேன்பிட்டி சந்தைகளில் போஞ்சி, கரட், தக்காளி, வெங்காயம், தேங்காய் என்று மொத்த விலையும் சில்லறை விலையும் இருக்கும். காலையில் சந்தைக்குப் போய்வந்த ஒருவர் பார்த்தாலும் ஒத்துப்போகும் அளவுக்கு நெருக்கமான தரவு. கொழும்பு 07இல் உள்ள ஹெக்டர் கொப்பேகடுவ கமநல ஆராய்ச்சி நிறுவனத்தின் வாராந்த விலை வெளியீட்டையும் கூட வைத்துப் பார்த்தால் ஒன்றை மற்றது சரிபார்க்கும். பணவீக்கத்துக்கு இரண்டு சுட்டெண் உண்டு. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் கொழும்பு மாவட்ட நகர வீடுகளுக்கானது, மாதக் கடைசியிலேயே வந்துவிடும். தேசிய நுகர்வோர் விலைச் சுட்டெண் நாடு முழுவதற்கும், சில வாரம் பிந்தி வரும். 2022 செப்டெம்பரில் முதலாவது 69.8 சதவீதம், இரண்டாவது 73.7 சதவீதம். மட்டக்களப்புக் குடும்பத்தைப் பற்றி எழுதுபவர் வேகமாகக் கிடைக்கிறது என்பதற்காக முதலாவதை எடுக்கக் கூடாது. 2023 தொடக்கத்தில் இரண்டினதும் அடிப்படை ஆண்டு 2021க்கு மாறியது, அதையும் கவனியுங்கள். மத்திய வங்கி அட்டவணைகளில் 'தற்காலிகமானது', 'திருத்தப்பட்டது' என்ற குறிகள் இருக்கும். பழைய எண்ணுக்கும் புதிய வெளியீட்டையே பாருங்கள்.

சுகாதாரத்தில் தொற்றுநோயியல் பிரிவின் வாராந்த அறிக்கை எனக்குப் பிடித்தமானது. டெங்கு பற்றி எழுத அதைவிட்டால் வேறு வழி இல்லை. 2017இல் பதிவான 186,101 பேர் என்ற எண்ணும் அங்கிருந்து வந்ததே. அதில் ஒரு நுணுக்கம்: சுகாதாரத் துறைக்கு 26 பிரிவுகள், ஏனென்றால் கல்முனை தனி. அம்பாறையின் நோயாளர் தொகையை மட்டும் எடுத்து அம்பாறை மாவட்ட சனத்தொகையால் பிரித்தால் விகிதம் சரிந்துபோகும். கல்முனையையும் கூட்ட வேண்டும். தேர்தல் முடிவுகளோ 22 தேர்தல் மாவட்டங்களில் வரும். அங்கே கிளிநொச்சி யாழ்ப்பாணத்துக்குள், மன்னாரும் வவுனியாவும் முல்லைத்தீவும் வன்னிக்குள். 25, 26, 22 மூன்றையும் ஒரே எக்செல் தாளில் ஒட்டுமுன் ஒரு பொருத்த அட்டவணை செய்துகொள்ளுங்கள்.

உலக வங்கியின் திறந்த தரவு நாடுகளை ஒப்பிட நல்லது, தரவிறக்க இலகு. நாட்டுக்குள்ளே நடப்பதைப் பார்க்க அது இரண்டாம் கைதான். வேலையின்மைக்கு அங்கே இரண்டு வரிசை இருக்கும்: ஒன்று நாட்டின் சொந்த மதிப்பீடு, மற்றது சர்வதேசத் தொழில் அமைப்பு கணித மாதிரி வைத்துச் செய்யும் கணிப்பு. எது என்று எழுதாமல் எடுத்தால் ஒருவராலும் சரிபார்க்க முடியாது.

தலா ஒருவருக்கு என்று கணக்குப் போடுபவர்களுக்கு ஒரு விசயம். 2023 நடுவருட சனத்தொகை மதிப்பீடு 2 கோடி 20 இலட்சம். 2024 குடிசன மதிப்பில் வந்தது 2 கோடி 17 இலட்சம் சொச்சம். அதனால் பழைய தலா எண்களோடு புதியவற்றை இணைக்கும்போது எந்தச் சனத்தொகையால் பிரித்தார்கள் என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

எங்கேயும் கிடைக்காத எண்ணுக்கு நான் போகும் இடங்கள் இரண்டு. ஒன்று, பாராளுமன்றத்தில் சமர்ப்பிக்கப்படும் வருடாந்தச் செயலாற்றுகை அறிக்கைகள். மாவட்டச் செயலகங்களுடையதும் அங்கே மூன்று மொழியிலும் கிடைக்கும், பலர் திறந்துகூடப் பார்ப்பதில்லை. மற்றது, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். தமிழிலேயே விண்ணப்பிக்கலாம், தகவல் அலுவலர் 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவைச் சொல்ல வேண்டும். "வேலையின்மை பற்றிய தகவல்" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். எந்த வருடம் முதல் எந்த வருடம் வரை, எந்தப் பிரிவு வாரியாக, எந்த நிரல்கள் வேண்டும் என்று வெற்று அட்டவணையையே இணைத்து அனுப்புங்கள். இலத்திரனியல் வடிவில் கேட்கவும் மறக்காதீர்கள், சட்டத்தில் அதற்கு இடமுண்டு. ஓர் அலுவலகத்திலிருந்து ஒருமுறை எனக்குச் சாய்வாக ஸ்கேன் செய்த பக்கங்கள் வந்து, இரண்டு பேர் உட்கார்ந்து தட்டச்சு செய்து, இரண்டு பிரதியையும் ஒப்பிட்டுத்தான் பயன்படுத்த முடிந்தது.

எடுத்த ஒவ்வொரு எண்ணுக்கும் அறிக்கையின் பெயர், அட்டவணை இலக்கம், தரவிறக்கிய திகதி மூன்றையும் பக்கத்து நிரலில் எழுதி, கோப்பின் பிரதியையும் சேமித்து வைக்கிறேன். இணையத்தளங்கள் புதுப்பிக்கப்படும்போது பழைய இணைப்பு செத்துப்போகும். அப்புறம், கிராம அலுவலர் பிரிவு மட்டத்தில் வேலை செய்பவர்கள் பெயரை வைத்துக் கோப்புகளை இணைக்காதீர்கள். ஒரே பிரிவின் பெயர் ஒவ்வொரு பட்டியலிலும் ஒவ்வொரு விதமாக எழுதியிருக்கும். குறியீட்டு இலக்கத்தை வைத்து இணையுங்கள், மிச்சத்தைக் கையால் பாருங்கள்.