போர்டு நல்ல போர்டுதான், அந்த வைஃபை டிரைவர் இருக்கிறதே!

"அந்த போர்டு விலை இறங்கியிருக்கு, வாங்கலாமா? லினக்ஸ் கர்னலை நாமே பில்டு பண்ணிப் போட முடியுமா?" என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். இரண்டாவது கேள்விக்குப் பதில் சுலபம். முடியும், தாராளமாக முடியும். முதல் கேள்விக்குத்தான் இவ்வளவு எழுத வேண்டியிருக்கிறது.

லினக்ஸ் ஓடும் சின்னக் கம்ப்யூட்டர் போர்டு அது, பெயரை நான் சொல்லப்போவதில்லை. (கர்னல் என்பது லினக்ஸின் மையப் பகுதி.) நாலு கார்டெக்ஸ் ஏ53 பிராசசர் கோர், ஒரு ஜிபி ராம், சேமிப்புக்கு ஈஎம்எம்சி, ஒரு ஈதர்நெட், ஓரத்தில் தகர மூடி போட்ட வைஃபை சிப். இந்த அமைப்பில் வரும் போர்டுகள் பலவற்றுக்கும் இந்தக் கதை அப்படியே பொருந்தும்.

என் வேலை, ஒரு மோட்டாரின் அதிர்வை எஸ்பிஐ என்ற சென்சார் இணைப்பு வழியாகச் சீரான இடைவெளியில் படித்துச் சேமிப்பது. இடைவெளி தவறினால் டேட்டா குப்பை. அதனால் வேலையைக் குறித்த நேரத்துக்குள் செய்யும் ரியல்டைம் கர்னல் வேண்டும். போர்டோடு வந்த இமேஜில் இருந்ததோ கர்னல் 4.9. அந்தக் கர்னல் 2016 டிசம்பரில் வெளியானது, 2023 ஜனவரியோடு அதற்கான ஆதரவும் முடிந்துபோனது. போர்டு கம்பெனிக்காரர்கள் தங்கள் மாற்றங்களை எல்லாம் ஒரே மூட்டையாக ஒரே கமிட்டில் (ஒரே மாற்றப் பதிவில்) கொட்டி வைத்திருந்தார்கள். எந்த வரியை எதற்காக மாற்றினார்கள் என்று தெரிந்துகொள்ள வழியே இல்லை. அதன்மேல் ரியல்டைம் பேட்ச் (கர்னல் சோர்ஸில் செய்யும் திருத்தம்) போடுவதைவிட, கர்னல் டாட் ஆர்க் தரும் அதிகாரப்பூர்வமான மெயின்லைன் கர்னலுக்கே போய்விடுவது மேல் என்று முடிவு செய்தேன். ப்ரீஎம்ப்ட் ஆர்டி என்ற அந்த ரியல்டைம் வசதி அப்போது தனி பேட்சாகத்தான் வந்துகொண்டிருந்தது. 2024 நவம்பரில் வந்த 6.12இல்தான் அது மெயின்லைனிலேயே சேர்ந்தது. ஆர்ம்64க்கு (இந்த போர்டின் பிராசசர் வகைக்கு) இப்போது மெனுகான்ஃபிக் என்ற கர்னல் அமைப்பு மெனுவில் ஒரு தேர்வு, அவ்வளவுதான். வருடக்கணக்காகப் பலர் உழைத்த உழைப்பு அந்த ஒரு வரியில் வந்து நிற்பதைப் பார்த்தபோது உண்மையிலேயே மனம் நிறைந்தது.

பில்டு செய்வதில் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. பிசியிலிருந்தே போர்டுக்குக் கம்பைல் செய்யும் கிராஸ் கம்பைலர் போட்டு, டெஃப்கான்ஃபிக் என்ற இயல்பான அமைப்பில் தொடங்கி, தேவையில்லாததை வெட்டி, கர்னல் இமேஜ், டிடிபி (போர்டில் என்னென்ன இருக்கிறது என்று கர்னலுக்குச் சொல்லும் டிவைஸ் ட்ரீ ஃபைல்), மாட்யூல் (தனியாக ஏற்றும் டிரைவர்) மூன்றையும் எடுத்துக்கொள்ள வேண்டும். போர்டிலேயே கம்பைல் செய்யும் ஆசை யாருக்காவது இருந்தால் விட்டுவிடுங்கள், ஒரு ஜிபி ராம் பாவம். ஒன்று மட்டும் கட்டாயம் செய்யுங்கள்: ஐகேகான்ஃபிக் தேர்வை ஆன் செய்து வையுங்கள். எந்த கான்ஃபிக்கில் பில்டு ஆனது என்பதை ஓடிக்கொண்டிருக்கும் கர்னலே பிராக் டைரக்டரி வழியாகச் சொல்லிவிடும். ஆறு மாதம் கழித்து அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கும்போது இதன் அருமை தெரியும்.

கர்னலை மாற்றிப் போடுவதுதான் பலருக்கும் பயம். எனக்கு இந்த போர்டில் மிகவும் பிடித்துப்போனதே அந்த இடம்தான். கர்னலை ஏற்றி ஓடவிடும் பூட்லோடரான யூபூட் ஒழுங்காக வேலை செய்கிறது. புதுக் கர்னலை ஈஎம்எம்சியில் எழுதவே வேண்டாம், டிஎஃப்டிபி மூலம் நெட்வொர்க் வழியே பிசியிலிருந்து நேராக ராமுக்கு இழுத்து பூட் செய்து பார்க்கலாம். ஓடினால் வைத்துக்கொள்ளலாம், ஓடாவிட்டால் பவரை எடுத்துப் போட்டால் பழையது வந்துவிடும். எக்ஸ்ட்லினக்ஸ் என்ற பூட் மெனுவில் பழைய கர்னலையும் புதியதையும் இரண்டு வரியாக வைத்திருக்கிறேன். ஆள் இல்லாத இடத்தில் போர்டு இருந்தால் பூட்கவுன்ட்டை அமைத்துக்கொள்ளலாம். குறித்த தடவைக்குமேல் பூட் தோற்றால் மாற்று பூட் கட்டளைக்கு அதுவே தாவிவிடும். ஈஎம்எம்சியும் இன்றுவரை ஒருமுறைகூடக் காலை வாரவில்லை.

சீரியல் கேபிள் இல்லாமல் மட்டும் இறங்காதீர்கள். புதுக் கர்னல் தொங்கும்போது திரையில் "ஸ்டார்ட்டிங் கர்னல்" என்ற வரி வரும், மூன்று புள்ளி வரும், அப்புறம் எதுவும் வராது. எல்ஈடி எரியும், ஈதர்நெட் விளக்கு மினுக்கும், கர்சர் அசையாது. கர்னல் எழுந்திரிக்கவே இல்லையா, எழுந்து கன்சோல் பெயர் தெரியாமல் வாயடைத்து நிற்கிறதா என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. பூட் ஆர்கியூமென்ட்டில், தொடக்கத்திலேயே செய்திகளைக் காட்டும் எர்லிகான் சேர்த்தால் பெரும்பாலும் அடுத்த தடவையே விஷயம் வெளியே வந்துவிடும். பாதி நேரம் அது ரூட் டிவைஸ் (லினக்ஸ் ஃபைல்கள் இருக்கும் சேமிப்பு) கிடைக்காத பிரச்சினையாகத்தான் இருக்கும். எஸ்டி கார்டு, ஈஎம்எம்சி இரண்டும் இருக்கும் போர்டில் எம்எம்சி எண்கள் கர்னலுக்குக் கர்னல் இடம் மாறும். எண்ணை நம்பாமல் பார்ட்யூயூஐடி என்ற மாறாத பார்ட்டிஷன் அடையாளத்தைக் கொடுத்துவிட்டால் அந்தத் தலைவலி தீர்ந்தது.

டிவைஸ் ட்ரீயையும் பாராட்டியே ஆக வேண்டும். ஒவ்வொரு ஆர்ம் போர்டுக்கும் கர்னலுக்குள் தனித்தனி சி ஃபைல் பெருகிக்கொண்டே போய், 2011இல் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் வெளிப்படையாகவே கோபப்பட்ட பிறகுதான் ஆர்ம் உலகம் இந்தப் பக்கம் முழுமூச்சாகத் திரும்பியது. இன்று எனக்கு எஸ்பிஐ வேண்டும் என்றால் டிடிஎஸ் ஃபைலில் (டிவைஸ் ட்ரீயின் சோர்ஸில்) அந்த நோடின், அதாவது எஸ்பிஐக்கான பகுதியின், ஸ்டேட்டஸை "டிசேபிள்டு" என்பதிலிருந்து "ஓகே" என்று மாற்றி, கீழே சென்சாருக்கு நாலு வரி சேர்த்தால் போதும். கர்னலைத் தொடவே வேண்டாம்.

இவ்வளவும் நன்றாக இருக்கிறது. இனி அந்த வைஃபை.

அந்த சிப்புக்கு மெயின்லைனில் டிரைவர் கிடையாது. சிப் கம்பெனி 4.9 காலத்தில் எழுதிக் கொடுத்த சோர்ஸ்தான் கதி. சோர்ஸே கொடுக்காமல் ஏமாற்றியவர்கள் இல்லை, ஜிபிஎல் என்ற ஓப்பன் சோர்ஸ் உரிமத்தோடு முழுசாகக் கொடுத்தார்கள். அந்த நியாயத்தை நான் மறைக்கவில்லை. ஆனால் கொடுத்த கையோடு கைகழுவிவிட்டார்கள். 4.15இல் பழைய டைமர் முறை போனது: டிரைவர் உடைந்தது. 5.0இல் ஆக்ஸஸ் ஓகே ஃபங்ஷனில் ஒரு ஆர்கியூமென்ட் குறைந்தது: உடைந்தது. 5.6இல் பிராக் ஃபைல்களுக்குத் தனி ஸ்ட்ரக்சர் வந்தது, 5.17இல் நெட்வொர்க் டிவைஸின் மேக் முகவரியை நேரடியாக எழுதக்கூடாது என்றார்கள். இரண்டிலும் உடைந்தது. ஒவ்வொரு முறையும் ஊர்பேர் தெரியாத யாரோ ஒரு புண்ணியவான் பேட்ச் எழுதிப் போடுவார். அதைத் தேடி எடுத்து, என் கர்னலுக்குப் பொருந்துகிறதா என்று பார்த்து, பொருந்தாத இடத்தில் நானே கைவைத்து, மறுபடி பில்டு. கர்னல் பில்டு ஆகும் நேரத்தைவிட இந்த ஒரு மாட்யூலுக்குப் போகும் நேரம்தான் அதிகம்.

கர்னல்காரர்களைக் குறை சொல்ல மாட்டேன். கர்னலின் உள் இன்டர்ஃபேஸ் (டிரைவர்கள் கர்னலோடு பேசும் முறை) நிலையாக இருக்காது என்று, கர்னலைப் பராமரிப்பவர்களில் ஒருவரான கிரெக் க்ரோ ஹார்ட்மன் எழுதிய விளக்கம் கர்னல் சோர்ஸிலேயே இருக்கிறது. டிரைவர் ட்ரீக்குள், அதாவது கர்னல் சோர்ஸுக்குள்ளேயே, இருந்தால், இன்டர்ஃபேஸை மாற்றுகிறவரே அதையும் திருத்திவிடுவார். நியாயமான ஏற்பாடு. உள்ளே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியது சிப் விற்றவர்களின் வேலை. அவர்கள் அதைச் செய்யவில்லை. சிப்பைத் தேர்ந்தெடுத்த போர்டுக்காரர்களும் கேட்டு வாங்கவில்லை.

கம்பைல் ஆகிவிட்டால் முடிந்ததா? அதுவும் இல்லை. கர்னல் சோர்ஸின் கிட் ட்ரீயில், வெளியீட்டைக் குறிக்கும் டேகுக்குமேல் நம் கமிட் ஒன்று இருந்தாலே கர்னல் பெயரின் கடைசியில் ஒரு கூட்டல் குறி ஒட்டிக்கொள்ளும். டிரைவர் பில்டு ஆனது 6.1.55க்கு, போர்டில் ஓடுவது 6.1.55+ என்றால் மாட்யூல் ஏறாது. "வெர்ஷன் மேஜிக்" பொருந்தவில்லை என்று டிமெசேஜில் (கர்னலின் செய்திப் பதிவில்) ஒரு வரி, அதோடு வைஃபை அவுட். இரண்டு பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் அந்தக் குறி கண்ணில் படாது. லோக்கல்வெர்ஷனை மேக் கட்டளையிலேயே காலியாகக் கொடுத்தால் குறி வராது. ட்ரீக்குள் இருக்கும் டிரைவர்கள் கர்னலோடு சேர்ந்தே பில்டு ஆவதால் அவற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை. வெளியே நிற்கும் இந்த ஒன்றுக்காக நான் பெயரைக் காவல் காக்க வேண்டியிருக்கிறது.

ரியல்டைம் போட்ட பிறகு இன்னொன்றும் தெரிந்தது. ஒரே டேட்டாவை இருவர் ஒரே நேரத்தில் தொடாமல் காக்கும் பூட்டுகளில் ஒன்று ஸ்பின்லாக்; ஆர்டி (ரியல்டைம்) கர்னலில் அது தூங்கக்கூடிய லாக்காக மாறிவிடும். இந்த டிரைவரோ இன்டரப்ட்டை நிறுத்திவிட்டு லாக் எடுக்கும் பழைய பாணி. தூங்கக் கூடாத இடத்தில் தூங்கப் பார்க்கிறது என்று டிமெசேஜ் முழுக்க "ஸ்லீப்பிங் ஃபங்ஷன் கால்டு" என்ற எச்சரிக்கை. வைஃபையை அணைத்துவிட்டு தாமதத்தை அளக்கும் சைக்ளிக்டெஸ்ட் ஓடவிட்டால் அதிகபட்ச லேட்டன்சி (தாமதம்) அடங்கி நிற்கிறது. ஆன் செய்தால் எகிறுகிறது. எந்த வேலைக்காக இவ்வளவு பாடுபட்டுக் கர்னல் மாற்றினேனோ, அந்த வேலையைக் கெடுப்பது இது ஒன்றுதான்.

இதில் பழைய எல்டிஎஸ் (நீண்ட கால ஆதரவுள்ள கர்னல்) ஒன்றைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம் என்ற கணக்கும் இனிச் செல்லாது. ஆறு வருட ஆதரவை இரண்டு வருடமாகக் குறைக்கப்போவதாக 2023இலேயே சொல்லிவிட்டார்கள். சிவில் இன்ஃப்ராஸ்ட்ரக்சர் பிளாட்ஃபார்ம் என்ற லினக்ஸ் கூட்டுத் திட்டம் 4.19, 5.10, 6.1 போன்ற சிலவற்றைப் பத்து வருடம் பார்த்துக்கொள்கிறது. ஆனால் எனக்கு வேண்டிய ஆர்டி மெயின்லைனில் இருப்பது 6.12இலிருந்துதான். ஆகவே தாவித்தான் ஆக வேண்டும், தாவும்போதெல்லாம் அந்த டிரைவர் உடையும்.

இப்போது என் போர்டில் டிவைஸ் ட்ரீயில் வைஃபை நோடை டிசேபிள் செய்துவிட்டு ஈதர்நெட் கேபிளில் ஓட்டுகிறேன். அப்படி ஓட்டினால் குறை சொல்ல ஒன்றுமில்லை. பூட் வேகம், நிலைப்பு, யூபூட், மெயின்லைன் ஆதரவு எல்லாவற்றுக்கும் முழு மதிப்பெண் போடுவேன். என் போர்டை யாராவது கேட்டால் கொடுக்கவும் மாட்டேன்.

ஆனாலும் நண்பருக்கு வேண்டாம் என்றுதான் பதில் அனுப்பினேன். வைஃபை இருக்கிறது என்று அட்டைப்பெட்டியில் அச்சடித்து விற்றுவிட்டு அதைக் கவனிக்காமல் விடுகிறவர்களுக்கு நம் காசு எதற்குப் போக வேண்டும்? விலை இன்னும் இறங்கினாலும் இதே பதில்தான். வாங்கியே தீருவேன் என்கிறவர்கள், பணம் கட்டுவதற்கு முன்னால் இரண்டு இடத்தைத் தேடிப் பாருங்கள்: கர்னல் சோர்ஸின் டிடிஎஸ் டைரக்டரியில் போர்டின் பெயர், வயர்லெஸ் டிரைவர்கள் இருக்கும் டைரக்டரியில் சிப்பின் பெயர். முதலாவது இருந்து இரண்டாவது இல்லையென்றால், போர்டு வைக்கப்போகும் இடம்வரை கேபிள் எட்டுமா என்று அளந்துகொள்ளுங்கள்.