நீதிமன்ற வாசலில் நின்று 'இலவச சட்ட உதவி' என்று அழைப்பவரிடம் போகாதீர்கள்

ஏமாந்தது என் தங்கை. அவளை ஏமாற வைத்தது நான். அதனால் இந்தப் பதிவை அவள் எழுதுவதைவிட நான் எழுதுவதுதான் முறை.

தங்கை கணவரைப் பிரிந்து எங்கள் வீட்டுக்கு வந்து இரண்டு ஆண்டு ஆகிறது. ஏழு வயதில் ஒரு பெண் குழந்தை. பின்னலாடை நிறுவனம் ஒன்றில் பிசிறு வெட்டும் வேலைக்குப் போகிறாள். கணவர் பணம் அனுப்புவதை அடியோடு நிறுத்திய பிறகு, ஜீவனாம்சம் கேட்டு வழக்குப் போடலாம் என்று முடிவு செய்தோம். வக்கீல் வைக்கும் வசதி எங்களுக்கு இல்லை. இலவச சட்ட உதவி என்று ஒன்று உண்டு என்பது எனக்குத் தெரியும். தனியார் பள்ளியில் கணக்கு எழுதுபவன், தினமும் நாளிதழ் படிப்பவன், வீட்டில் விவரம் தெரிந்தவன் என்று பெயர் வாங்கியவன். ஆனால் அந்த உதவி எந்தக் கட்டடத்தில், எந்த அறையில், யார் கையால் கிடைக்கும் என்பது தெரியாது. அந்த இடைவெளியில்தான் ஒரு மனிதர் ஸ்கூட்டரை நிறுத்திக்கொண்டு பிழைப்பு நடத்துகிறார்.

எங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்தின் வாசலில் அவராகவே வந்து பேசினார். "என்ன சார், சட்ட உதவியா?" எங்கள் கையில் இருந்த பிளாஸ்டிக் உறையும், பலகை தேடி அண்ணாந்து பார்த்த விதமும் அவருக்குப் போதுமானதாக இருந்திருக்க வேண்டும். வெள்ளைச் சட்டை, கறுப்பு பேண்ட், கையில் ஒரு கேஸ் கட்டு. "உள்ளே போனால் மனுவை வாங்கி வைத்துக்கொண்டு ஆறு மாதம் அலைய விடுவார்கள். நானும் இலவச உதவிக்கான பட்டியலில் இருக்கிற வக்கீல்தான். ஃபீஸ் ஒரு பைசா வேண்டாம். செலவை மட்டும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார்.

"அண்ணா, உள்ளே ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வந்துவிடலாமே" என்று தங்கை சொன்னாள். நான்தான் தடுத்தேன். அலைய வேண்டியிருக்கும் என்று அவளிடம் காரணம் சொன்னேன். உண்மைக் காரணம் வேறு. இலவசம் என்று எழுதிய பலகைக்குக் கீழே நிற்பதைப் பள்ளிக்கு வரும் பெற்றோர் யாராவது பார்த்துவிட்டால் என்ன ஆவது என்ற கூச்சம். கொஞ்சம் பணம் கொடுத்தால் கௌரவமாக வேலை முடியும் என்று நினைத்தேன்.

அவருடைய அலுவலகம் அந்த ஸ்கூட்டர்தான். சீட்டைத் தூக்கினார். உள்ளே மழைக்கோட்டுக்கு அடியில் வக்காலத்துப் படிவங்கள், ஊதா மைப் பெட்டி, சோப்பு டப்பாவில் இரண்டு மூன்று ரப்பர் முத்திரைகள். சீட்டை மூடி, அதையே மேசையாக்கி, நிரப்பப்படாத படிவங்களில் தங்கையிடம் நான்கு இடத்தில் கையெழுத்து வாங்கினார். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதே என்று பள்ளியில் எல்லோருக்கும் உபதேசம் செய்பவன் நான். பக்கத்தில் நின்று பேனாவை எடுத்துக் கொடுத்தேன்.

டைப்பிங், ஸ்டாம்ப் செலவு என்று அன்றைக்கே 1,500 ரூபாய் வாங்கிக்கொண்டார். அடுத்த வாரம், இலவச உதவிக்கு வருமானச் சான்று கட்டாயம், தாலுகா அலுவலகத்தில் தனக்கு ஆள் இருக்கிறது என்று 2,000. அதன் பிறகு எதிர்தரப்புக்குச் சம்மன் அனுப்ப பேட்டா 3,000. மனு நம்பர் ஆகிவிட்டது, பெரிய வக்கீல் ஒருவர் வாதாட வேண்டும், அவருக்கு மரியாதை செய்ய வேண்டும் என்று 5,000. கடைசியாக, சம்மன் திரும்பி வந்துவிட்டது, மறுபடியும் அனுப்ப வேண்டும் என்று 3,000. மொத்தம் 14,500 ரூபாய். 5,000 கேட்டபோது தங்கையின் கம்மல் அடகுக் கடைக்குப் போனது. ரசீது கேட்டேன். "இலவச கேஸுக்கு ஏது சார் ரசீது?" என்று சிரித்தார். அதையும் ஒரு பதிலாக எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் எரிச்சலாக இருக்கிறது.

எட்டு மாதம் ஓடியது. மாதம் ஒரு வாய்தா. நீதிபதி விடுப்பு, வழக்கறிஞர்கள் நீதிமன்றப் புறக்கணிப்பு, கோப்பு வேறு நீதிமன்றத்துக்கு மாறியிருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் ஒன்று சொல்வார். அவற்றில் ஒன்றுகூட நடக்க முடியாத காரியம் இல்லை. நீதிமன்றங்களில் இவை எல்லாம் நிஜமாகவே நடக்கின்றன. அதனால்தான் நம்பினோம். ஒரு தடவை ஊதா முத்திரை குத்தி, பேனாவால் வழக்கு எண் எழுதிய ஜெராக்ஸ் ஒன்றைக் கொடுத்தார். தங்கை அதை குழந்தையின் தடுப்பூசி அட்டையோடு சேர்த்துப் பத்திரப்படுத்தினாள்.

உண்மை தெரிந்தது ஒரு பாட்டியால். அன்று வழக்கம்போல அந்த மனிதருக்காகக் காத்துக்கொண்டு வேப்பமரத்தடித் திண்ணையில் தங்கை உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இருந்த பாட்டிக்கு ஏதோ பாகப்பிரிவினை வழக்கு. பேச்சுவாக்கில் தங்கை தன்னுடையதும் இலவச வழக்குதான் என்று சொல்லியிருக்கிறாள். "அப்படியா கண்ணு, உன் கடிதம் எங்கே?" என்று பாட்டி கேட்டாராம். எந்தக் கடிதம் என்று இவள் விழிக்க, பாட்டி மடித்து வைத்திருந்த தாள் ஒன்றை எடுத்துக் காட்டினார். இலவச சட்ட உதவி தரும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் முத்திரை, தேதி, பாட்டியின் பெயர், அவருக்கு ஒதுக்கப்பட்ட வழக்கறிஞரின் பெயர் எல்லாம் அதில் இருந்தன. பாட்டிக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் கடிதம் இருக்க வேண்டும் என்பது தெரிந்திருந்தது. எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

தங்கை எழுந்து தனியாகவே உள்ளே போய்விட்டாள். வாசலில் இருந்து அந்த அறைக்கு நிதானமாக நடந்தால்கூட இரண்டு நிமிடம் ஆகாது. 'மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு' என்று பெரிய பலகை. நான் 'இலவச சட்ட உதவி மையம்' என்ற எழுத்துகளையே தேடிக்கொண்டிருந்ததால் முதல் நாள் அது என் கண்ணில் படவில்லை. ஊதா முத்திரை ஜெராக்ஸை வாங்கிப் பார்த்த ஊழியர், கணினியில் எண்ணைத் தட்டினார். அது யாரோ இருவருக்கு இடையிலான காசோலை மோசடி வழக்கு. வேறு நீதிமன்றம், வேறு ஆட்கள். "உங்கள் பெயரில் வழக்கே இல்லையே அம்மா" என்றார். அங்கிருந்து எனக்கு போன் செய்தவள் அழவில்லை. "அண்ணா, ஆதார் நகலை எடுத்துக்கொண்டு வா" என்று மட்டும் சொன்னாள்.

அன்று அந்த அறையில் நான் தெரிந்துகொண்டவை, எட்டு மாதம் முன்பே எனக்குத் தெரிந்திருக்க வேண்டியவை. சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987இல் நிறைவேறி, 1995 நவம்பர் 9 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. சட்டத்துக்கே எட்டு ஆண்டு வாய்தா என்றால் எங்கள் எட்டு மாதம் எம்மாத்திரம்! அந்தச் சட்டத்தின் 12ஆவது பிரிவில் யார் யாருக்கு இந்த உதவி என்று இருக்கிறது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள், பேரிடரிலும் சாதிக் கொடுமையிலும் பாதிக்கப்பட்டவர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பு கிடையாது. வரம்பு பார்ப்பது இந்த வகைகளில் வராதவர்களுக்குத்தான். அவர்களுக்கும் வருமானம் குறித்த ஓர் உறுதிமொழிப் பத்திரத்தையே போதுமானதாக ஏற்கச் சட்டம் இடம் தருகிறது. ஆக, வருமானச் சான்று என்று சொல்லி எங்களிடம் வாங்கிய 2,000 ரூபாய், என் தங்கைக்குத் தேவையே இல்லாத ஒரு தாளுக்கு. அந்தத் தாளையும் அவர் கண்ணில் காட்டவில்லை.

இலவசம் என்றால் வக்கீல் ஃபீஸ் மட்டும் என்று நினைத்திருந்தேன். நீதிமன்றக் கட்டணம், பேட்டா, டைப்பிங், சான்றிட்ட நகல் வாங்கும் செலவு வரை ஆணைக்குழுவே ஏற்கிறது. ஒதுக்கப்படும் வழக்கறிஞருக்கும் ஆணைக்குழுதான் பணம் தருகிறது. அவர் நம்மிடம் பணமாகவோ பொருளாகவோ எதையும் வாங்கக் கூடாது என்பது விதி. "ஃபீஸ் வேண்டாம், செலவு மட்டும்" என்ற அந்த வாக்கியத்தைக் கேட்ட கணமே நாங்கள் நகர்ந்திருக்க வேண்டும்.

14,500 ரூபாயைக்கூட விட்டுவிடுகிறேன். உழைத்தால் அடைத்துவிடலாம். திரும்பாதது வேறொன்று. ஜீவனாம்ச மனு முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆவது பிரிவில் இருந்தது. 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தின் 144ஆவது பிரிவு. எதில் போட்டாலும், ஜீவனாம்சத்தை மனுத் தாக்கல் செய்த தேதியிலிருந்து கணக்கிட வேண்டும் என்று ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நல்ல தீர்ப்பு. ஆனால் எங்கள் மனு அந்த எட்டு மாதமும் ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் அல்லவா தாக்கலாகியிருந்தது? இப்போது தங்கைக்கு இடைக்கால ஜீவனாம்சமாக மாதம் 5,000 ரூபாய் தர உத்தரவாகியிருக்கிறது. எட்டு மாதத்துக்கு 40,000. அது இனி இந்த மனுவில் கேட்க முடியாத பணம்.

உள்ளே போனபின் எல்லாம் பாலும் தேனுமாக ஓடியது என்றும் எழுத மாட்டேன். முதலில் ஒதுக்கப்பட்ட வழக்கறிஞர் போனை எடுக்கவே இல்லை. இரண்டு வாய்தாவுக்கு ஜூனியரை அனுப்பினார். அந்த ஜூனியருக்கு என் தங்கையின் பெயர்கூடத் தெரியவில்லை. இலவசத்தில் இவ்வளவுதான் கிடைக்கும் என்று வழக்கம்போல நான் ஆரம்பித்தேன். தங்கை என் பேச்சைக் கேட்பதை அதற்குள் நிறுத்தியிருந்தாள். ஆணைக்குழுவின் செயலாளர் ஒரு நீதிபதி. அவரிடம் நடந்ததைத் தேதி போட்டு எழுதிக் கொடுத்து, வழக்கறிஞரை மாற்றித் தரும்படி கேட்டாள். மாற்றித் தந்தார்கள். புதிதாக வந்த அம்மையார் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, கணவரின் சம்பளம், வாடகை, குழந்தையின் பள்ளிக் கட்டணம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். மேலே சொன்ன உத்தரவு அவர் வாங்கித் தந்ததுதான்.

இதே நிலையில் இருப்பவர்கள் மாவட்டத் தலைநகர் வரை போக வேண்டும் என்பதும் இல்லை. தாலுகா அளவில், நீதிமன்ற வளாகத்திலேயே வட்ட சட்டப்பணிகள் குழு இருக்கிறது. எங்கே என்று தெரியாவிட்டால் வாசலில் யாரையும் கேட்காதீர்கள். 15100 என்ற எண்ணுக்கு போன் செய்து கேளுங்கள், அது தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் உதவி எண். ஆணைக்குழுவின் சட்டத் தன்னார்வலர்கள் என்று ஊர்களுக்கு வருபவர்களும் உண்டு, நல்லவர்கள்தான். ஆனால் அடையாள அட்டையைக் கேட்டுப் பாருங்கள், உண்மையானவர் கோபித்துக்கொள்ள மாட்டார். வழக்குப் பதிவானதும் பதினாறு இலக்கத்தில் எண்ணும் எழுத்தும் கலந்த சி.என்.ஆர். எண் ஒன்று கிடைக்கும். இ-கோர்ட்ஸ் செயலியில் அதைப் போட்டால் அடுத்த வாய்தா எப்போது, கடந்த வாய்தாவில் என்ன நடந்தது என்று வீட்டிலிருந்தே பார்க்கலாம். அந்த எண்ணைத் தராமல் 'நம்பர் ஆகிவிட்டது' என்று மட்டும் ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தால், ஆகவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த மனிதர் மேல் என்ன நடவடிக்கை என்று கேட்பீர்கள். வழக்கறிஞர் தவறு செய்தால் வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35ஆவது பிரிவின்படி பார் கவுன்சிலில் புகார் செய்யலாம். விசாரித்ததில் இவர் வழக்கறிஞரே இல்லை. யாருக்கோ எப்போதோ குமாஸ்தாவாக இருந்தவர் என்கிறார்கள். 2023இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி, நீதிமன்றத் தரகர்களைப் பட்டியலிட்டு வளாகத்துக்குள் வரவிடாமல் செய்ய வழி வைத்திருக்கிறார்கள். பட்டியலில் பெயர் வந்த பிறகும் தரகு செய்தால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். முதல் நாள் எங்களிடம் வாங்கியதில் மூன்றில் ஒரு பங்கு அந்த அபராதம்.

ஏமாற்று என்று காவல் நிலையத்தில் புகார் கொடுத்தோம். அவருடைய போன் எண் இப்போது உபயோகத்தில் இல்லை. ஸ்கூட்டரின் எண்ணை நாங்கள் குறித்து வைக்கவில்லை. காவல் நிலையம் நீதிமன்றத்துக்கு நேர் எதிரில்தான். ஆள் எப்படி இருப்பார், அடையாளம் சொல்லுங்கள் என்று எழுத்தர் கேட்டார். நடுத்தர வயது, வெள்ளைச் சட்டை, கறுப்பு பேண்ட், கையில் கேஸ் கட்டு என்றேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, ஜன்னல் வழியாக நீதிமன்ற வாசலை ஒருமுறை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.