பூச்செடியா, இலைச்செடியா: கொழும்பு வளவுக்கு எது முதலில்?

வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் இன்டர்லொக் கல்லுக்குத் தப்பிய மண் ஒரு பேர்ச், அதாவது 25 சதுர மீற்றர், இருந்தாலே பெரிய விடயம். வண்ணத்துப்பூச்சியும் குருவியும் வர அதில் எதை நடலாம்? கன்றுக் கடையில் முதலில் காட்டுவது பூச்செடியைத்தான். நான் இலைச்செடி, அதாவது வண்ணத்துப்பூச்சியின் புழு தின்னும் இலையுள்ள செடி, பக்கம்.

பூச்செடியின் பலம் வேகம். எக்சோராவும் செவ்வரத்தையும் பூக்கத் தொடங்கினால் தேன்சிட்டு வந்துவிடும். வண்ணத்துப்பூச்சியும் வரும், தேன் குடிக்கும், போய்விடும். முட்டையிட அதற்குத் தன் புழு தின்னக்கூடிய இலை வேண்டும். ஒவ்வோர் இனத்துக்கும் அப்படி ஏற்ற செடிகள் சிலதான். நாயுண்ணிப் பூவில் வண்ணத்துப்பூச்சி மொய்க்கும் என்பது உண்மை, ஆனாலும் நடாதீர்கள். உடவளவையில் யானைகள் மேயும் புல்வெளிகளை மூடிக்கொண்டிருக்கும் செடி அது.

இலைச்செடி என்றால் முதலில் கறிவேப்பிலையும் தேசியும். கறுப்பு நிறத்தில் வால் நீண்ட கொமன் மோர்மன் வண்ணத்துப்பூச்சி இவற்றில்தான் முட்டையிடும். புழு சிறிதாக இருக்கும்போது குருவி எச்சம் போலத் தெரியும், வளர்ந்ததும் பச்சையாகிவிடும், தொட்டால் தலைக்குப் பின்னால் சிவந்த கொம்பு இரண்டாகப் பிரிந்து எழும். இலை குறையும், அதுதான் இதற்கான விலை. அந்த நேரத்தில் மருந்து அடித்துவிடாதீர்கள். தையல்சிட்டும் புலுனியும் குஞ்சுகளுக்கு ஊட்டுவது இந்தப் புழுக்களையும் பூச்சிகளையும்தான். இடமிருந்தால் இரண்டு கறிவேப்பிலை நடுங்கள், ஒன்று சமையலுக்கு.

வேலி இருந்தால் ஈஸ்வரமூலிக் கொடியை ஏற்றலாம். இலங்கையின் தேசிய வண்ணத்துப்பூச்சி, வேறெந்த நாட்டிலும் இல்லாத அந்தப் பெரிய மஞ்சள் கறுப்பு இனம், இந்தக் குடும்பக் கொடிகளில்தான் வளரும். கொழும்பு நடுவில் அது வந்தே தீரும் என்று சொல்லமாட்டேன். ஆனால் அதே கொடியைத் தேடிவரும் வேறு இனங்களும் உண்டு. மூலிகை என்று நம்பிக் கஷாயம் மட்டும் வைக்காதீர்கள், சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

தண்ணீருக்குக் குளமா, மண்சட்டியா என்றால் சின்ன வளவுக்குச் சட்டி போதும். குளத்தில் தவளையும் தும்பியும் சேரும், ஆனால் கவனிக்காமல் விட்டால் டெங்கு நுளம்பும் சேரும். நுளம்பைத் தடுக்கக் கப்பி மீன் விட்டால் அது தவளை முட்டையையும் தின்னும். சட்டியை இரண்டு நாளைக்கு ஒருமுறை கொட்டி, உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். நுளம்பு முட்டை தண்ணீர் விளிம்பில் சட்டியோடு ஒட்டியிருக்கும். தண்ணீரை மாற்றினால் மட்டும் போகாது.