கோவை ஏர்போர்ட்டில் வாடகைக் கார் எடுக்கிறவர்கள் கவனத்துக்கு: வெள்ளை போர்டு வண்டி என்றால் சாவியை வாங்காதீர்கள்

லீவுக்கு ஊட்டி, முதுமலை என்று கிளம்பும் நம் ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கத்துக் குடும்பங்கள் இதைப் படித்துவிட்டு வண்டி புக் பண்ணுங்கள். எங்களுக்கு 18,500 ரூபாய் பிரச்சினை இன்னும் முடியவில்லை.

முதுமலையில் இருக்கும் தெப்பக்காடு முகாமில் யானைகளுக்குச் சாப்பாடு கொடுப்பதைப் பார்க்க வேண்டும் என்று அப்பாவுக்கு ரொம்ப நாள் ஆசை. முட்டி வலியோடு பஸ் மாறி மாறி ஏற அவரால் முடியாது. அதனால் தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி ஏர்போர்ட், அங்கிருந்து விமானத்தில் கோவை, இறங்கியதும் செல்ஃப் டிரைவ் கார் என்று முடிவு செய்தோம். நாளுக்கு 2,800, மூன்று நாள். டெபாசிட் 10,000 முன்பே கட்டியாகிவிட்டது.

இறங்கிப் பார்த்தால் கவுன்ட்டரே இல்லை. "மெயின் ரோட்டுக்கு வந்துடுங்க சார்" என்று போன் வருகிறது. நன்றாக இருட்டிவிட்ட நேரம். அவர்கள் முதலில் சொன்ன வண்டியும் வரவில்லை. அதே மாடல், வேறு நம்பர், வெள்ளை போர்டு, அதாவது சொந்த உபயோகத்துக்குப் பதிந்த 'ஓன் போர்டு' வண்டி. சாவியைக் கொடுத்த பையன், "வழியில யாராவது கேட்டா சொந்தக்காரங்க வண்டின்னு சொல்லிடுங்க" என்றான். அங்கேயே சாவியைத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். அப்பாவும் அம்மாவும் பையோடு ரோட்டோரம் நிற்கிறார்கள், என்ன செய்வது? ஏறிவிட்டோம்.

மறுநாள் காலை கல்லாறு சோதனைச் சாவடியில் முதல் அடி. 2024 மே 7 முதல் நீலகிரிக்குள் போக இ-பாஸ் வேண்டும். அது வண்டி நம்பரை வைத்துத்தான் கிடைக்கும். எங்களுடையது பழைய நம்பருக்கு எடுத்தது. ஓரங்கட்டி, புதிதாகப் போட்டு வாங்குவதற்குள் முக்கால் மணி நேரம் போயிற்று. அப்புறம் கூடலூர் வழியாகத் தெப்பக்காடு போய் யானைகளைப் பார்த்தோம். அப்பா முகம் மலர்ந்தது, அதில் குறையில்லை.

வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் வேலையைக் காட்டினார்கள். வந்தவர் வேறு எதையும் பார்க்காமல் நேராகப் பின்பக்க இடது வீலுக்கு மேலே டார்ச் அடித்து, ஒரு சாண் நீளக் கீறலைக் காட்டி "இது புதுசு" என்றார். குனிந்து பார்த்தேன். பெயின்ட் பெயர்ந்த இடத்தில் பழுப்பாகத் துரு ஏறி, விரலை வைத்தால் பொடியாக ஒட்டுகிறது. மூன்று நாளில் அப்படித் துரு ஏறுமா? 18,500 கேட்டார்கள். "இன்சூரன்ஸ்ல போடுங்க" என்றால், "இதுக்கு கிளெய்ம் வராது சார்" என்று பதில். டெபாசிட்டையும் வைத்துக்கொண்டு மீதி 8,500 கேட்டுப் போன் மேல் போன்.

கிளெய்ம் வராது என்பது உண்மைதான், அதுதான் இதில் பெரிய ஆபத்து. ஓன் போர்டு வண்டியின் பாலிசி வாடகை ஓட்டத்துக்குப் பொருந்தாது. மலையில் பெரிய விபத்து நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. முறையாகப் பதிந்த செல்ஃப் டிரைவ் வண்டிக்குக் கறுப்பு நம்பர் பிளேட்டில் மஞ்சள் எழுத்து இருக்கும். அரசின் எம்-பரிவாகன் ஆப்பில் நம்பரைப் போட்டால் வண்டி எந்த வகை, இன்சூரன்ஸ் எதுவரை என்பதெல்லாம் தெரியும். சாவி வாங்கும் முன் வெளிச்சமான இடத்துக்குக் கொண்டுவரச் சொல்லி, நான்கு பக்கமும், வீலுக்கு மேலேயும், கிலோமீட்டர் மீட்டரையும் வீடியோ எடுங்கள். அந்த ஆளும் வீடியோவில் தெரியட்டும்.

மூலக்கடையில் ஷெட் வைத்திருக்கும் எங்கள் டிங்கர் அண்ணனிடம் போட்டோவைக் காட்டினேன். "தம்பி, இது ரெண்டு மழை பார்த்த கீறல்" என்றார். அந்தப் போட்டோவை வைத்துத்தான் நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன். மீதி 8,500-ஐக் கட்டப்போவதில்லை.